வாளியில் வந்த சிவப்பு

எங்கள் ஈரோட்டில் மஞ்சளுக்கும் பஞ்சமில்லை, வம்புக்கும் பஞ்சமில்லை. இந்தக் கதையில் இரண்டும் உண்டு. காதைக் கொடுத்துக் கேளுங்கள், விடை சொல்ல வேண்டியவர் நீங்கள்.

பூங்கோதை பிள்ளை பெற்று வந்த அன்று, வாசலில் ஆரத்தி எடுத்தவள் பக்கத்து வீட்டிலேயே வாழும் நாத்தனார் கோகிலா. மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்ததும் தட்டு செக்கச்செவேலென்று ஆனது. திருஷ்டி கழிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி.

கழிந்ததாவது! பிள்ளையின் கழுத்தும் இடுப்பும் தொடையும் தடித்துச் சிவந்தன. முகத்தில் மட்டும் ஒன்றுமில்லை. டாக்டர் தந்த களிம்புக்குத் தடிப்பு அடங்கி, மறுபடி கிளம்பியது.

“தாய்ப்பாலே சேரல,” என்று மாமியார் செல்லாத்தாள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

கோகிலா துணி துவைக்கும் திரவம் காய்ச்சி விற்பவள். பிள்ளைத் துணிக்கும் அதுதான்.

“அண்ணி, அதுல என்னங்க போடறீங்க?”

“பூந்திக்கொட்டையும் தண்ணியுந்தான் அம்மணி. வேற ஒண்ணுமே கிடையாது. பிள்ளை மேல சத்தியம்!”

பிள்ளை மேலேயே சத்தியம். அதற்கு மேல் யார் வாய் திறப்பது?

மறுநாள் காலை, அந்தத் திரவம் விட்ட வாளியில் செல்லாத்தாள் பிள்ளையின் வெள்ளைத் துணிகளை அமுக்கினாள். பூங்கோதை முந்தின நாள்தான் பூசிக் குளிக்கத் தொடங்கிய மஞ்சள் அவற்றில் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. கண்ணெதிரே அந்தத் திட்டுகள் ரத்தமாகச் சிவந்தன.

“ஐயோ, ரத்தம்! இவ பால் விஷமாயிப்போச்சு! இன்னையோட நிறுத்து! டேய், போய் டப்பாப் பால் வாங்கிட்டு வாடா!”

அவள் மகன், பூங்கோதையின் கணவன், வண்டிச் சாவியை எடுத்துவிட்டான். சத்தம் கேட்டு வந்த கோகிலா தலையைக் குனிந்துகொண்டாள். பசியில் வீறிட்ட பிள்ளையை மாமியார் பிடுங்கிக்கொண்டாள்.

பூங்கோதை வாளியையே பார்த்தாள். பிறகு துணி ஒன்றைப் பிழிந்தெடுத்து, அந்தச் சிவப்பின்மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். சிவப்பு போய் மஞ்சள் திரும்பியது.

சாவியோடு மகன் வாசலில் நிற்கிறான். சீக்கிரம் சொல்லுங்கள்: சிவப்பு எங்கிருந்து வந்தது? குற்றம் பாலிலா, பிள்ளையிலா, சத்தியத்திலா?

விடை: ரத்தம் எலுமிச்சைக்கு மஞ்சளாகாது. மஞ்சளைச் சிவக்க வைப்பது காரம். ஆரத்தித் தட்டில் அது சுண்ணாம்பு, வாளியில் சலவைச் சோடா. வெறும் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். அழுக்குப் போகவில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட, கோகிலா சோடாவை அள்ளிக் கொட்டியிருக்கிறாள். அலசியும் போகாமல் துணியில் தங்கிய சோடா, துணி பட்ட இடமெல்லாம் பிள்ளையின் தோலை அரித்தது.

“யாவாரம் போயிருமேன்னு சொல்லல அம்மணி,” என்று கோகிலா அழுதாள். பூங்கோதை மாமியார் கையிலிருந்து பிள்ளையை வாங்கி, அங்கேயே உட்கார்ந்து பால் கொடுத்தாள்.