விலாசம் எழுதிய பிஞ்சுகள்

கொடைக்கானல் மலையில் சூசைராஜ் என்றொரு தபால்காரர். முப்பது வருஷமாக ஒரே தெரு, அதே நாற்பத்தொரு வீடு. ஓய்வு பெற்ற மறு வாரமே ரெஜினாவின் நாற்றுப்பண்ணையில் போய் நின்று, வீட்டுத் தோட்டத்துக்கு ஒரு பீச் கன்று கேட்டார்.

ரெஜினாவுக்கு அவரில் பாதி வயசுதான் இருக்கும். முதல் பழம் பறிக்கிற வரைக்கும் சொன்னபடி கேட்பதானால் எடுத்துப் போகலாம் என்றாள். அன்றிலிருந்து மனுஷர் அவளைக் குருவம்மா என்றுதான் கூப்பிட்டார். தெருவே சிரித்தது. சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

மூன்றாம் வருஷம் மாசியில், இலை தலைகாட்டுவதற்கு முன்னாலேயே மரம் ரோஸ் நிறத்தில் பூத்தது. பங்குனியில் பிஞ்சு பிடித்தது. பிடித்தது என்றால் கொஞ்சநஞ்சமா? கிளை தெரியாமல் பிடித்தது. சூசைராஜுக்கு இருப்புக்கொள்ளவில்லை. எண்ணினார், நூற்று இருபத்தெட்டு. சந்தேகப்பட்டு மறுபடி எண்ணினார், அதேதான். வீட்டுக்கு மூன்று கொடுத்தாலும் ஐந்து மிச்சம். அப்படியே தெருவில் இறங்கி, நாற்பத்தொரு வாசலிலும் நின்று, வைகாசியில் உங்கள் வீட்டுக்கு மூன்று பழம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதோடு விட்டாரா? பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்னச் சீட்டாக நறுக்கி, கதவு எண் எழுதி, ஒவ்வொரு பிஞ்சுக்குப் பக்கத்திலும் நூலால் கட்டினார். முப்பது வருஷம் விலாசம் பார்த்த கை சும்மா இருக்குமா! கட்டி முடித்த கையோடு ஓடிப்போய் ரெஜினாவைக் கூட்டி வந்தார்.

அவள் மரத்தை ஒரு சுற்று சுற்றினாள். பன்னிரண்டாம் நம்பர் வீட்டின் மூன்று பிஞ்சும் ஒரே குச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தன.

"பாதிக்கு மேல கிள்ளணும், அய்யா."

"எந்த வீட்டோடதை?"

சூசைராஜ் விடவில்லை. முட்டுக் கொடுக்கிறேன், இன்னொரு கூடை எரு போடுகிறேன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்.

"இத்தனை வருஷமும் அடுத்தவங்க அனுப்பினதைத்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். இது நானே அனுப்பறது, குருவம்மா."

ரெஜினா வாய்க்கால் ஓரத்தில் பழுத்த பீச் அளவுக்கு மூன்று உருண்டைக் கல் பொறுக்கி, ஒரு துணிப்பையில் போட்டாள். அவருடைய சுண்டுவிரலை நீட்டச் சொன்னாள். பன்னிரண்டாம் நம்பர் பிஞ்சுகள் தொங்கிய குச்சி அதைவிட ஒல்லி. தபால் மூட்டை சுமந்த தோளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம் என்று அவர் சிரித்துக்கொண்டே நீட்டினார். பையை மாட்டிவிட்டாள்.

"வைகாசி வரைக்கும்," என்று சொல்லிவிட்டு, வேலியோரம் உட்கார்ந்து கடலையை உரிக்க ஆரம்பித்தாள்.

கொஞ்ச நேரத்தில் விரல் சிவந்தது. அப்புறம் வளைந்தது. முழங்கை வரைக்கும் நடுங்கியது. ரெஜினா திரும்பியே பார்க்கவில்லை. சூசைராஜ் தானாகவே பையை இறக்கி, இரண்டு கல்லை எடுத்து வெளியே வைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டார். விரல் நேராக நின்றது.

மரத்தடிக்குப் போனார். பன்னிரண்டாம் நம்பரில் இரண்டு பிஞ்சைக் கிள்ளினார். சீட்டுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த பிஞ்சில் நகம் வைத்தவருக்குக் கை ஓடவில்லை.

"மரத்துக்குச் சரி, குருவம்மா. மூணுன்னு வாசல் வாசலா சொல்லிட்டேனே. ஒண்ணை எடுத்துட்டு எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

ரெஜினா மடியிலிருந்த தொலியைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

"முப்பது வருஷத்துல, 'எங்களுக்கு ஒரே ஒரு கடுதாசிதானா'ன்னு எந்த வீட்டுலயாவது கேட்டிருக்காங்களா, அய்யா?"

சூசைராஜ் பதின்மூன்றாம் நம்பர் வீட்டுக் கிளையைத் தாழ்த்திப் பிடித்தார்.