ராஜா வீட்டுப் பூச்சாடி

திருப்பூர் பனியன் முதலாளி நாச்சிமுத்துவுக்கு ரசமில்லாமல் சோறு இறங்காது. அதனால் சீனாவுக்குச் சுற்றுலா போனபோதும் சமையல்காரன் சென்னியப்பனைக் கூட்டிக்கொண்டுதான் போனார்.

பீஜிங் கடையொன்றில் நீலப்பூ போட்ட சாடி வாங்கினார். "ஐந்நூறு வருஷத்துச் சாமான்டா, ராஜா வீட்டுது!" என்று தடவித் தடவி மெச்சிக்கொண்டார்.

சென்னியப்பனுக்கு வாய் சும்மா இருக்குமா? "ஏனுங்க, போன வாரம் சூளையில சுட்டதாட்ட இருக்குதுங்களே?"

"ரசம் வெக்கிறவனுக்கு ராஜா சாமான் தெரியுமா? இப்பவே நிரூபி. இல்லீன்னா ஊர் போனதும் வேற வேலை பாத்துக்க!"

சென்னியப்பன் கடைக்காரியின் மொழிபெயர்க்கும் செல்போனில் பணிவாகச் சொன்னான்: "எங்க முதலாளி மகளுக்குக் கல்யாணமுங்க. தாம்பூலத்தோட கொடுக்க இதே மாதிரி முந்நூறு சாடி வேணும். கிடைக்குங்களா?"

கடைக்காரி முகமெல்லாம் பல்லாக மடமடவென்று பேசினாள். செல்போன் சுத்தத் தமிழில் ஒப்பித்தது:

"வெள்ளிக்கிழமை தயார். மணமக்கள் பெயரும் பொறிக்க வேண்டுமா?"

முதலாளி சாடியைத் தடவிக்கொண்டிருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"ராஜா எப்பவோ போய்ச் சேர்ந்துட்டாருங்க," என்றான் சென்னியப்பன். "அவரு சூளைதான் இன்னும் ஆறலையாட்ட இருக்குது."