குணாளன் ஒற்றை ஆளாகப் பார்த்துக்கொண்ட மூவாயிரம் பேக்கேஜ்

திருச்சியில் லினக்ஸ் ஆர்வலர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தில்லைநகரில் ஒரு டுடோரியல் காலேஜ் மாடியில் கூடுவார்கள். வருவது பத்துப் பேர். கீரை வடை வந்துவிட்டால் பதினைந்து பேர். அந்த ஞாயிறு ரெஜினா மட்டும் வடையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

அவள் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சர். அங்கே பிள்ளைகள் தமிழில் தட்டச்சு செய்வது லினக்ஸோடு சேர்ந்து வரும் ஒரு சின்ன இலவச மென்பொருள் பேக்கேஜை வைத்துத்தான். ஈரோட்டுக்காரர் ஒருவர் அதைச் சும்மா சேவையாகப் பராமரித்து வந்தார். பழுது வந்தால் சரிசெய்து, புதிய பதிப்பு கட்டி அனுப்புவார். அவருக்கு இரட்டைக் குழந்தை பிறந்ததும், "கண்ணைத் திறக்கவே முடியலைங்க, வேற ஆளைப் பார்த்துக்கோங்க" என்று மெயில் போட்டுவிட்டார். இனிமேல் பேக்கேஜுக்கு மூன்று பேராவது பொறுப்பேற்க வேண்டும் என்பது எல்லா பேக்கேஜையும் தொகுத்து வெளியிடும் லினக்ஸ் திட்டத்தின் புது விதி. அன்று சாயங்காலத்துக்குள் பெயர் கொடுக்காவிட்டால் அடுத்த வெளியீட்டில் அந்த பேக்கேஜ் இருக்காது.

"நான் ஒருத்தி இருக்கேன். இன்னும் ரெண்டு பேர் வேணும்" என்றாள் ரெஜினா.

எல்லோரும் வடையை உற்றுப் பார்த்தார்கள். ஷம்சுதீன் நன்றாகவே புரோகிராம் எழுதுகிறவன். அவனும், "ஆபீஸ் வேலையே கழுத்தைப் பிடிக்குது டீச்சர். அதுவும் இல்லாம, நான் கை வச்சு எதாவது கெட்டுப்போச்சுன்னா ஊர் பூரா திட்டும்" என்று நழுவினான்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை குணாளன் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஒரு பேக்கேஜுக்கா இந்த மூஞ்சி? நான் ஒரு காலத்துல ஒத்தை ஆளா மூவாயிரம் பேக்கேஜ் பார்த்தவன்."

"மூவாயிரமா?" என்றான் ஷம்சுதீன்.

"காலையில பல் தேய்க்கிறதுக்கு முன்னாடி ஆயிரம். பழுதுன்னு வர்ற புகார் மெயில்ல நெறைஞ்சு வழிஞ்சு, ஆளுங்க நேராவே வீட்டுக்கு வர ஆரம்பிச்சுட்டாங்க. தெருவை அடைச்சுப் பந்தல் போட்டு, டோக்கன் கொடுத்து, மோர் ஊத்தினோம். சில பழுதெல்லாம் வாசல்ல என் செருப்பைப் பார்த்ததுமே தானா சரியாகித் திரும்பிப் போயிடும்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குணாளனுக்கு அது போதும்.

"ஒரு தடவை ரெண்டு பேக்கேஜுக்குள்ள தகராறு. 'அவன் முதல்ல வந்தாத்தான் நான் இன்ஸ்டால் ஆவேன்'னு இது சொல்லுது. 'அவ வராம நான் வரமாட்டேன்'னு அது. வெளிநாட்டுல பெரிய பெரிய ஆளெல்லாம் தலையில கை வச்சு உக்காந்துட்டாங்க. நான் ரெண்டையும் கூப்பிட்டு எதிரெதிர்ல உக்கார வச்சேன். ஜாதகம் பார்த்தேன். எட்டுப் பொருத்தம். நல்ல முகூர்த்தத்துல ஒரே ஸ்கிரிப்டுல முடிச்சுப் போட்டேன். அடுத்த வருஷம் ஒரு குட்டி லைப்ரரி புரோகிராம் பொறந்துச்சு. இன்னைக்கு உங்க எல்லார் கம்ப்யூட்டர்லயும் ஓடிட்டிருக்கே, அது!"

"அதுக்குப் பேர் வச்சது யாருண்ணே?"

"தாய்மாமன் மொறையில நான்தான். குறுக்கே பேசாதே ஷம்சு. வெளியீட்டு நாள் அன்னைக்கு ஊர் பூரா கரண்ட் இல்லை. விடுவேனா? லேப்டாப்பை மொபெட் டைனமோவுல மாட்டினேன். தஞ்சாவூர் ரோட்ல விட்டேன் பாரு, திருவெறும்பூர் தாண்டறப்ப எழுதின கோடு பாதி கம்பைல் ஆகி, ஓடுற புரோகிராமாயிடுச்சு. தஞ்சாவூர் பஸ் ஸ்டாண்டுல மூவாயிரமும் ரெடி. ஆனா அங்க வண்டியைத் திருப்ப எடமில்லை. ரிவர்ஸ்லயே திருச்சிக்கு வந்தேன். அதுதான் நான் பண்ணின தப்பு."

"ஏண்ணே?"

"வர வர எல்லாம் திரும்ப முதல்ல எழுதின சோர்ஸ் கோடாவே பிரிஞ்சு போச்சுய்யா! மறுபடி தஞ்சாவூர் போக வேண்டியதாப் போச்சு."

மாடியே அதிர்ந்தது. ரெஜினாவுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கையில் இருந்த வடையை அப்போதுதான் கடித்தாள். ஷம்சுதீன் மட்டும் விடவில்லை. செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அண்ணே, திட்டத்தோட தளத்துல உங்க பேர்ல ஒரு பேக்கேஜ்கூட இல்லையே?" என்றான்.

குணாளன் கண் இமைக்கவில்லை. "எப்படி இருக்கும்? நான் பார்த்த பேக்கேஜ்ல பழுதே வர்றதில்லை. பழுதே வராததுக்குப் பராமரிக்க ஆள் எதுக்குன்னு என் பேரை எடுத்துட்டாங்க."

ஷம்சுதீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். துடைத்த கையையே மேலே தூக்கினான். "டீச்சர், என் பேரை எழுதிக்கோங்க. இவர் பொய்யா மூவாயிரம் பார்க்கிறப்ப, நான் நெஜமா ஒண்ணு பார்க்க மாட்டேனா?"

ரெஜினா உடனே லேப்டாப்பைத் திறந்தாள். இரண்டு பெயர் ஆயிற்று. மெல்ல நிமிர்ந்து குணாளனைப் பார்த்தாள்.

"அண்ணே, மூணாவது?"

"எனக்கெதுக்கும்மா இந்தத் தம்மாத்துண்டு பேக்கேஜ்..." குணாளனின் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் வடையை விட்டுவிட்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரி, போடுங்க. ஆனா கடைசியிலேயே போடுங்க. மேல போட்டா உலகம் பயந்துடும்."

பேக்கேஜ் பிழைத்தது.

அதற்கடுத்த கூட்டத்துக்குக் குணாளன் வரவே இல்லை. அதற்கும் அடுத்த கூட்டத்துக்கு வந்தபோது கண்ணுக்குக் கீழே கருவளையம். அன்று புதிதாக வந்திருந்த காலேஜ் பெண்கள் சிலர் ஏற்கெனவே மொபெட் கதையைக் கேள்விப்பட்டிருந்தார்கள். அவரைச் சூழ்ந்துகொண்டு, "சார், புதுசா ஒண்ணு சொல்லுங்க சார்" என்றார்கள்.

குணாளன் பெருமூச்சு விட்டார்.

"ஒரே ஒரு பேக்கேஜும்மா. ஒரே ஒரு புகார். 'ழ' அடிச்சா 'ள' விழுதுன்னு ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் எழுதியிருந்தான். கடையில மத்த வேலையெல்லாம் போட்டுட்டு உக்காந்தேன். எங்க தப்புன்னே புரியலை. ஷம்சுகிட்ட கேட்டுக் கேட்டு, டீச்சர்கிட்ட பாடம் படிச்சு, அந்த ஒத்தை எழுத்தைச் சரிபண்ண எனக்கு ஒரு வாரம் ஆச்சு. சரியானப்ப அந்தப் பையன் 'நன்றி, இப்ப பழம் பழமாவே விழுது'ன்னு எழுதினான். கடையில தனியா உக்காந்து அழுதுட்டேன்."

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "போங்க சார்! நீங்களாவது, ஒத்தை எழுத்துக்கு ஒரு வாரமாவது! நம்புற மாதிரி எதாவது சொல்லுங்க!"

குணாளன் பரிதாபமாகத் திரும்பி ரெஜினாவைப் பார்த்தார். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. நான் புளுகறேனா?"

ரெஜினா டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்:

"புளுகுதான். மூணு வாரம் ஆச்சு."