காலியாக இருந்த ஆணி

"மூணாவது தடவை டீச்சர். இதுல என்ன நொட்டை கண்டீங்க?"

சொர்ணத்தாய் படத்தைச் சுவரோரம் சாத்திவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

வான்மதி குனிந்து படத்தைப் பார்த்தாள்.

சிஷ்யைக்கு ஐம்பது வயது. குருவுக்கு முப்பத்தாறு. குரு சிஷ்யையை அக்கா என்பாள்; சிஷ்யை குருவை டீச்சர் என்பாள்.

வான்மதியின் கூடத்தில் ஓவியம் படிக்கிற பெண்கள் வருஷத்துக்கு ஒருமுறை தங்கள் முகத்தைத் தாங்களே வரைந்து மாட்டுவார்கள். நாளைக் காலை கண்காட்சித் திறப்பு. பதினோரு படம் ஏறிவிட்டது. ஓர் ஆணிதான் காலி.

சொர்ணத்தாய்க்கு அந்த ஆணி வேண்டும்.

இருபத்தெட்டு வருஷமாக ஊரார் முகத்தை எழுதியவள் அவள். அதுவும் செத்துப்போன முகங்களை. ரேஷன் கார்டிலிருந்து பெயர்த்த போட்டோ, தபால்தலை அளவு இருந்தால் போதும். தழும்பை அழிப்பாள். கலைந்த முடியைப் படிய வைப்பாள். உதட்டைச் சேர்த்து மூடுவாள். வாழ்நாளில் போட்டறியாத சங்கிலியைக் கழுத்தில் போட்டு, தலைக்குப் பின்னால் இளநீலத்தில் கொஞ்சம் வெளிச்சமும் விடுவாள். படம் வாங்க வந்தவர்களில் அழாமல் போனவன் ஒருத்தனும் இல்லை.

அவள் முகம் மட்டும் எந்தச் சுவரிலும் ஏறியதில்லை.

"மூக்கு சரியில்லையா? சரி, மூக்கைக் கழிச்சுக்கோங்க. கண்ணு என் கண்ணுதானே? முகவாய்த் தழும்பை எடுத்துட்டேன். சங்கிலி போட்டிருக்கேன். நீலம் அடிச்சிருக்கேன். கூட்டிக் கழிச்சாலும் பாதி தேறுமில்ல? ஆணியைக் குடுங்க."

"அக்கா, நீங்க கத்திரிக்காயா வாங்குறீங்க?"

"கத்திரிக்காய்க்காரன்கூட இவ்வளவு பிகு பண்ண மாட்டான்."

வான்மதி எழுந்து உள்ளே போனாள்.

திறப்புக்கென்று வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையோடு வந்தாள். படத்துக்குப் போட்டாள். ஒரு வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்தி, பற்றவைத்து, முன்னால் வைத்தாள். கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"என்ன டீச்சர் இது, பூசையா?"

அப்போதுதான் படங்களுக்குச் சட்டம் அடிக்கிற தங்கப்பன் உள்ளே வந்தார். கையில் சுத்தியல். படத்தைப் பார்த்தார். திரும்பிப் போய்ச் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"அடடா. எப்பம்மா தவறுனாங்க?"



அவர் சொர்ணத்தாயிடம் குரலைத் தாழ்த்தினார். "உங்க அக்காவா? சாயல் இருக்கு. மனசத் தேத்திக்கோங்க. நல்லபடியாத்தான் போய்ச் சேர்ந்திருக்காங்க, முகத்துலயே தெரியுது."

"யாருய்யா போய்ச் சேர்ந்தா?"

கொண்டை அவிழ்ந்து விழுந்தது. முகவாய்த் தழும்பு சிவந்தது. நுனி உடைந்த முன்பல் தெரியக் கத்தினாள்.

"குத்துக்கல்லாட்டம் முன்னால நிக்கேன்! உன் கண்ணு என்ன அவிஞ்சா போச்சு?"

தங்கப்பன் சுத்தியலைப் போட்டுவிட்டு ஓடினார். செருப்பைக்கூட எடுக்கவில்லை.

வான்மதி கண்ணைத் திறந்தாள்.

"அக்கா, அப்படியே நில்லுங்க. வாயை மூடாதீங்க."

சொர்ணத்தாய் திறந்த வாயோடு நின்றாள். படத்தைப் பார்த்தாள். மாலையைப் பார்த்தாள். மறுபடியும் படத்தைப் பார்த்தாள்.

பிறகு ஊதுபத்தியைப் பிடுங்கி எறிந்தாள். பழத்தை உரித்து இரண்டே வாயில் தின்றாள். மாலையைக் கழற்றி வான்மதியின் கையில் திணித்தாள்.

"பொழுது சாய எவ்வளவு நேரம் இருக்கு?"

"மூணு மணி நேரம்."

"போதும். கண்ணாடி எங்க?"

மறுநாள் காலை தங்கப்பன் சுத்தியலையும் செருப்பையும் தேடி வந்தார். வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். சொர்ணத்தாய் தெருமுனையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் வான்மதி மட்டும்தான்.

தைரியமாக உள்ளே வந்தவர், சுவரோரம் ஈரம் காயாமல் இருந்த படத்தைப் பார்த்ததும் சட்டென்று ஓரடி பின்வாங்கினார்.

"தெரியாமக் கேட்டுட்டேம்மா," என்றார் படத்திடம்.

வான்மதி சுத்தியலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"அந்த ஆணியை இன்னும் ரெண்டு அடி அடிங்கண்ணே."