கத்தாத சக்கரம்

"சாமி, பயமா இருக்குங்க. கொஞ்சம் திருநீறு குடுங்க."

கேட்டவன் செங்கோடன். மலைமேல் இருந்த மடத்தின் பழைய காரை ஓட்டுகிறவன். மடத்துச் சாமியைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் அவர் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நிற்பான்.

கார் வாசலில் நின்றது. குழந்தைக்கு முடியிறக்க வந்த ஒரு குடும்பம் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை அம்மா மடியில் தூங்கியது. அவர்களை அடிவாரத்தில் கொண்டுபோய் விட வேண்டும். வழி முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள்.

"வருஷக்கணக்கா ஓட்டுற பாதைதானே?" என்றார் சாமி.

"ஆமாங்க. போன வாரம் வரைக்கும் பயம்னா என்னன்னே தெரியாதுங்க. இப்பப் பிரேக்குல காலை வச்சாலே பயம் வந்துருது."

"வண்டியில ஏதாவது கோளாறா?"

செங்கோடனுக்கு ரோஷம் வந்துவிட்டது. கதவுக் கைப்பிடி காயலாங்கடையில் எடுத்தது. பக்கக் கண்ணாடி வேறொரு வண்டியுடையது. கிழிந்த சீட்டுக்கு மடத்துப் பழைய ஜமக்காளத்தையே தைத்துப் போட்டிருந்தான். குறைந்த செலவில் வண்டியை ஓட வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை. அதை அவனே ஊரெல்லாம் சொல்லியும் வைத்திருந்தான்.

"ஒரு கோளாறும் இல்லீங்க. முன் சக்கரம் ஒண்ணு, பிரேக் போட்டாக் கீச்சுன்னு கத்திக்கிட்டிருந்துச்சு. அதையும் நிறுத்திட்டேன்."

"எப்படி நிறுத்தினே?"

"உள்ளே ஒரு சின்னத் தகடு உரசிக்கிட்டிருந்துச்சுங்க. குறடால முறிச்சுப் போட்டேன். செலவே இல்லை."

சாமி சம்புடத்தைத் திறந்து திருநீற்றை அள்ளி அவன் கையில் வைத்தார். அவன் கண்ணை மூடி நெற்றிக்குக் கொண்டுபோனான்.

"உனக்கில்லை. சக்கரத்துக்குப் பூசு."

"டயர்லயா?"

"எங்கே கத்துச்சோ அங்கே."

செங்கோடன் சக்கரத்தின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். அதன் ஓட்டை வழியாக விரலை விட்டு, உள்ளே இருந்த இரும்புத் தட்டில் திருநீற்றைத் தடவினான்.

வழவழவென்று இருக்க வேண்டிய தட்டு. விரல் பள்ளத்தில் இறங்கியது. பக்கத்தில் இன்னொரு பள்ளம்.

விரலை வெளியே எடுத்தான். திருநீறு கறுத்திருந்தது. அதில் இரும்புத்தூள் மினுங்கியது.

அந்தத் தட்டைக் கவ்வும் பிரேக் பேடு தேய்ந்து தீரும்போது கத்திச் சொல்வதற்கென்றே வைத்த தகட்டைத்தான் அவன் முறித்துப் போட்டிருந்தான். வண்டி ஓட்டிப் பிழைக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அவனுக்கும் தெரியும். புதுசு வாங்க வேண்டுமென்று மடத்தில் போய் நின்றால் சிக்கனக்காரன் என்ற பேர் போய்விடுமே என்று, தெரியாதவன் மாதிரி இருந்துவிட்டான்.

காருக்குள் குழந்தை விழித்துக்கொண்டு கொட்டாவி விட்டது.

"என்னங்க டிரைவர், கிளம்பலாமா?" என்றார் குழந்தையின் அப்பா.

"இறங்குங்க." செங்கோடன் எழுந்து பின் கதவைத் திறந்தான். "குழந்தையைத் தூக்கிக்கிட்டு எல்லாரும் இறங்குங்க."

சாமி வாசலுக்கு வந்தார். கையில் சம்புடம் திறந்தே இருந்தது.

"இப்ப உனக்கும் கொஞ்சம் பூசிவிடட்டுமா? பயம் போயிரும்."

செங்கோடன் சட்டென்று இரண்டு கையாலும் நெற்றியை மூடிக்கொண்டான்.

"வேண்டாங்க சாமி. இந்தப் பயமாவது கத்திக்கிட்டு இருக்கட்டும்."