நரி செய்த வண்டியும் மலைப்பாதை வளைவும்

ஒரு காட்டில், அது எந்தக் காடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு நரி இருந்தது. மரவண்டி செய்வதில் அதை மிஞ்ச ஆளில்லை. காட்டில் பாதி விலங்குகள் நரியின் வண்டியில்தான் போகும், வரும்.

அந்தக் காட்டின் அரசன் சிங்கம். முறை தவறினால் அதற்குப் பிடிக்காது. புது வண்டி எதுவானாலும் முதலில் சிங்கம் உட்காரும் பாறைக்கு வரவேண்டும். பாறையைப் பத்து முறை சுற்றவேண்டும். கழலாமல் கவிழாமல் சுற்றி முடித்தால், சிங்கம் தன் பாதத்தைச் செம்மண் குழம்பில் தோய்த்து வண்டிப் பலகையில் ஒரு முத்திரை வைக்கும். அந்த முத்திரையைப் பார்த்துவிட்டால் போதும், எல்லாம் நம்பி ஏறிக்கொள்ளும்.

அரசன் உட்கார்ந்திருக்கும் பாறை அல்லவா? கோயிலைச் சுற்றுவதுபோல வலமாகத்தான் சுற்றவேண்டும். இடமாகச் சுற்றினால் அவமரியாதை.

நரி இதைக் கவனித்தது. வண்டி வலப்பக்கம் திரும்பும்போது வலச்சக்கரம்தான் கழன்று ஓடப் பார்க்கும். அச்சின் நுனியில் செருகியிருக்கிற கடையாணிதான் அதைப் பிடித்து நிறுத்தும்.

"அப்படியானால் இடப்பக்கத்து ஆணிக்கு இங்கே வேலையே இல்லையே!" என்று நரி தனக்குள் சிரித்துக்கொண்டது.

கருங்காலி மரத்தில் ஓர் ஆணி செதுக்க ஒரு நாள் ஆகும். முருங்கைக் கொம்பில் என்றால் வெற்றிலை போடுகிற நேரம். அன்றிலிருந்து வலப்பக்கம் கருங்காலி, இடப்பக்கம் முருங்கை. இரண்டின்மேலும் நாவல்பழச் சாற்றைப் பூசிவிட்டால் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது? எல்லா வண்டியும் பத்துச் சுற்றும் சுற்றியது. எல்லாவற்றுக்கும் முத்திரை கிடைத்தது.

கோடை வந்தது. தண்ணீருக்கு மலையைத் தாண்டிப் போகவேண்டும். மலை உச்சியில் பாதை சட்டென்று இடப்பக்கம் வளையும். ஓரத்தில் பெரும் பள்ளம்.

முதலில் கரடியின் வண்டி அங்கே கவிழ்ந்தது. "தேன் குடித்த மயக்கம்," என்றது நரி.

அப்புறம் காட்டுப்பன்றியின் வண்டி. "அது ஓர் அவசரக் குடுக்கை. நிதானமாகப் போகத் தெரியுமா அதற்கு?" என்றது நரி. எல்லாம் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டின.

மூன்றாவதாகக் கவிழ்ந்தது மிளாவின் வண்டி. மிளா என்பது பெரிய மான். தன் வண்டியைத் தானே இழுத்துப் போகும். கல்லைக் கண்டால்கூட ஒதுங்கி நடக்கிற சாது. அதன் வண்டியில் இருந்த முயல்குட்டிக்குக் கால் ஒடிந்துவிட்டது.

சிங்கம் சபையைக் கூட்டியது.

"அரசே, வண்டியில் குறை என்றால் உங்கள் முத்திரையிலும் குறை என்றுதானே ஆகும்?" என்றது நரி, பணிவாக. "மிளாவுக்குக் கண் மங்கிவிட்டது, பாவம். வேறொன்றும் இல்லை."

சிங்கத்துக்கு அது சரியென்று பட்டது. "மிளா, பொழுது சாய்வதற்குள் நீ இந்தக் காட்டைவிட்டுப் போய்விடு," என்றது.

மிளா தாய்முயலைத் திரும்பிப் பார்த்தது. முயல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அரசன் சொன்னதைவிட அதுதான் மிளாவை அதிகம் வருத்தியது.

"அரசே, ஒன்று கேட்கலாமா?" என்று ஒரு சின்னக் குரல் வந்தது.

"யார் அது?" என்று சிங்கம் உறுமியது. உறுமல் கேட்டதும், பேசிய எறும்புத்தின்னி உருண்டையாகச் சுருண்டுகொண்டது.

"டேய், பலாப்பழம் பேசுதுடா!" என்றது குரங்கு. சபையே சிரித்தது.

எறும்புத்தின்னி அப்படித்தான். யாராவது குரலை உயர்த்தினாலே பயந்து சுருண்டுவிடும். ஆனால் கேட்க வந்ததைக் கேட்காமல் போகாது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, மெல்ல மூக்கை வெளியே நீட்டியது.

"அரசே, கரையான் தோண்ட நான் அந்தப் பள்ளத்துக்குப் போவேன். கீழே மூன்று வண்டி கிடக்கிறது. மூன்றிலும் வலச்சக்கரம் இருக்கிறது. இடச்சக்கரம் இல்லை. கரடி தேன் குடித்திருக்கலாம். பன்றி அவசரப்பட்டிருக்கலாம். மிளா அண்ணாவுக்குக் கண் மங்கியிருக்கலாம். மூன்று பேரும் மூன்று விதமாகத் தப்புச் செய்தால், எப்படி எல்லோருக்கும் ஒரே பக்கத்துச் சக்கரம் கழலும்?"



"எறும்பைத் தின்று திரிகிற உனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்?" என்று நரி சீறியது.

"தெரியாதுதான் அண்ணா. அதனால்தான் கேட்கிறேன். புது வண்டி ஒன்றை இடமாகச் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடுமே?"

"கேட்டீர்களா அரசே, கேட்டீர்களா! உங்களை இடமாகச் சுற்றவேண்டுமாம்!" என்று நரி துள்ளிக் குதித்தது.

சிங்கத்தின் பிடரி சிலிர்த்தது. அது கர்ஜித்த கர்ஜனையில் மரத்துக் காய்கள் உதிர்ந்தன. எறும்புத்தின்னி மறுபடியும் உருண்டையானது. உடம்பிலிருந்த செதில்கள் கலகலவென்று நடுங்கின. ஆனாலும் அந்த உருண்டைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"அரசே, நீங்கள் அரசர் என்று மலைப்பாதைக்குத் தெரியாது. அது தன் இஷ்டத்துக்கு இடப்பக்கமும் வளைகிறது."

சிங்கம் குனிந்து அந்த உருண்டையைப் பார்த்தது. பிறகு பாறையிலிருந்து கீழே இறங்கித் தரையில் நின்றது.

"இப்போது அது வெறும் பாறை. இடமாகச் சுற்றுங்கள்," என்றது.

நரி அன்று முத்திரைக்குக் கொண்டுவந்திருந்த புது வண்டியை மிளா பூட்டிக்கொண்டது. உள்ளே யார் உட்காருவது? எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

"நான் ஏறுகிறேன். விழுந்தால் உருண்டுகொள்வேன்," என்று எறும்புத்தின்னி ஏறி உட்கார்ந்தது.

ஒரு சுற்று முடிந்தது. ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது சுற்றும் முடிந்தது. "நான் சொல்லவில்லை?" என்றது நரி. மூன்றாவது சுற்றில் மளுக்கென்று ஒரு சத்தம். இடச்சக்கரம் தனியாக ஓடியது. வண்டி சாய்ந்தது. எறும்புத்தின்னி உருண்டு உருண்டு சிங்கத்தின் காலடியில் வந்து நின்றது.

சிங்கம் ஒடிந்த ஆணியைக் கடித்துப் பார்த்தது. மேலே கறுப்பு. உள்ளே சோறுபோல வெள்ளை.

"முருங்கை!" என்றது சிங்கம்.

"இந்த ஒரு வண்டியில் மட்டும் ஏதோ கைத்தவறு அரசே..."

"காட்டிலுள்ள அத்தனை வண்டியையும் கொண்டுவாருங்கள்!"

வண்டிகள் வந்தன. இடப்பக்கத்து ஆணிகளை உருவிக் குரங்கிடம் கொடுத்தன. குரங்கு ஒவ்வொன்றையும் இரண்டு விரலால் ஒடித்துப் போட்டது. ஒன்றுகூட ஒடியாமல் தப்பவில்லை.

நரி அப்போதும் விடவில்லை. "நீங்கள் வைத்த சோதனையில் எல்லாம் தேறியதே அரசே! நான் என்ன தப்புச் செய்தேன்?"

"சோதனையில் தேறுவதற்கு வண்டி செய்தாய். ஊர் போய்ச் சேருவதற்குச் செய்யவில்லை," என்றது சிங்கம். "பொழுது சாய்வதற்குள் மிளா போகவேண்டாம். நீ போ."

நரி வாலைத் தொங்கப்போட்டுக்கொண்டு போனது.

சிங்கம் ஒவ்வொரு வண்டியாகப் போய்த் தன் முத்திரையைத் தானே அழித்தது. "நானும் பார்க்காமல் விட்டேன்," என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னது. "இனி ஆணி எல்லாம் கருங்காலி. சோதனை மலைப்பாதையில். நானே கூட வருகிறேன்." கரடியும் பன்றியும் கருங்காலி வெட்டக் கிளம்பின.

தாய்முயல் மிளாவிடம் வந்தது. "அண்ணா, நான் உங்களை..." என்று ஆரம்பித்தது.

"குட்டிக்கு வலி குறைந்ததா?" என்று மிளா கேட்டது. பிறகு குனிந்து குட்டியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு, முயலோடு தண்ணீருக்கு நடந்தது.

கூட்டம் கலைந்தது. எறும்புத்தின்னி மட்டும் நின்றது.

"கேள், உனக்கு என்ன வேண்டும்?" என்றது சிங்கம், முடிந்தவரை மெதுவான குரலில்.

"ஒன்றும் வேண்டாம் அரசே. காலையிலிருந்து சாப்பிடவில்லை. நான் போகலாமா?"

சிங்கம் தலையசைத்தது. எறும்புத்தின்னி அரக்கப் பரக்க நடந்து புதருக்குள் போனது.

நீதி: சோதனையை ஏமாற்றலாம், பாதையை ஏமாற்ற முடியாது.