லைனுக்கு ஒரு டோக்கன்

கம்பெனிகளில் என்ன குறை என்று ஆராய்ந்து சொல்வது ஹெப்சிபாவின் தொழில். அதைக் கற்க வந்த மதிவாணன் அவரைவிட மூத்தவர். கல்லூரியில் பல வருஷம் மானிடவியல் நடத்தியவர். துறையையே மூடிவிட்டதால் இங்கே வந்து சேர்ந்தார். சிஷ்யன் மூத்தவராக இருந்தால் குருவுக்குத் திட்ட வாய் வராது. ஹெப்சிபாவுக்கு அந்தச் சங்கடம் இல்லை. அவர் யாரையுமே திட்டுவதில்லை.

முதல் வேலை, பெருந்துறைப் பக்கம் ஒரு தையல் கம்பெனியில். சேருகிற பெண்கள் சில மாதங்களிலேயே நின்றுவிடுகிறார்கள். ஏன் என்று கண்டு சொல்ல வேண்டும். மதிவாணன் அந்தப் பெண்களோடு கேன்டீனில் சாப்பிட்டார், அவர்களுடைய வேனில் போய் வந்தார். காரணம் தெரிந்துவிட்டது. அதை நிர்வாகத்திடம் சொல்ல இருவரும் கம்பெனி காரில் போய்க்கொண்டிருந்தார்கள்.

“மேடம், கிளாஸ்னா ஒரு மணி நேரம் பேசுவேன். இவங்க கொஞ்ச நேரம்தான் தருவாங்க. மனசுல நிக்கிற மாதிரி எப்படிச் சொல்றது?”

ஹெப்சிபா பதில் சொல்வதற்குள் அவரே தொடங்கிவிட்டார். நல்ல கதை கையில் இருக்கிறவரால் சும்மா இருக்க முடியாது.

“லைனுக்கு ஒரு டோக்கன். ஒரு வரிசை மெஷின்ல இருக்கிற அத்தனை பேருக்கும் அது ஒண்ணுதான். அது கையில இருந்தாத்தான் பாத்ரூம் போகலாம். அதுக்குப் பயந்து காலையிலேர்ந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. நோவு வந்து வேலையை விட்டுடறாங்க. இதுல ஒருத்தி, மலர்னு வச்சுக்குவோம், ஒரு டப்பா மூடியை வெட்டி இன்னொரு டோக்கனே செஞ்சிட்டா! கத்தரி பிடிக்கிறது இடது கையில. சிரிச்சா வாயைப் பொத்திக்குவா. யாருக்கு உடம்பு முடியலையோ அவங்களுக்குத்தான் அந்த டோக்கன் முதல்ல...”

டிரைவர் சென்னியப்பன் கண்ணாடியில் பார்த்தார். காலையில் அந்தப் பெண்களை வேனில் ஏற்றி வருகிறவரும் அவர்தான்.

“ஏனுங்க, நம்ம துளசிமணியத்தானுங்க சொல்றீங்க?”

மதிவாணன் ஹெப்சிபா பக்கம் திரும்பினார்.

“பேரை மாத்தித்தானே சொன்னேன்,” என்றார் மெதுவாக.

“பேரை மட்டும்,” என்றார் ஹெப்சிபா.

“பாவமுங்க அது. சின்னச் சின்னப் புள்ளைங்க இருக்குது. தெரிஞ்சா அன்னிக்கே வெளிய அனுப்பிருவாங்க. நான் மூச்சு விட மாட்டனுங்க,” என்றார் சென்னியப்பன்.

அதற்குள் கம்பெனி கேட் வந்துவிட்டது.

மேனேஜர் அறையில் மதிவாணன் டோக்கனைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் மட்டும் சொன்னார். மலரின் கதை அதில் வரவில்லை. பேச்சு சப்பென்று இருந்தது அவருக்கே தெரிந்தது.

“அதெல்லாம் சரி சார்,” என்றார் மேனேஜர். “லைன்ல டோக்கன் ஒண்ணுதான். ஆனா ஒரே நேரத்துல ரெண்டு பேரைக் காணோம்னு சூப்பர்வைசர் சொல்றாங்க. யாரோ டூப்ளிகேட் வச்சிருக்கா. நீங்க அவங்களோடயே இருந்திருக்கீங்க. யார் அது?”

மதிவாணன் ஹெப்சிபாவைப் பார்த்தார். அவரோ மேசையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அவசரமே இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தார். மொத்தத்தையும் குடித்துவிட்டு எழுந்தார்.

“சார், நான் பாத்ரூம் போகணும். டோக்கன் யார்கிட்ட கேக்கணும்?”

மேனேஜர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை.

“என்ன மேடம் இது? நீங்க போங்க.”

“டோக்கன் இல்லாமலா?”

ஹெப்சிபா நகரவில்லை. கூட இருந்த அதிகாரிகள் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணியை இப்படி நிற்கவைத்துவிட்டு எவ்வளவு நேரம்தான் உட்கார்ந்திருப்பது? மேனேஜரின் முகம் சிவந்தது.

“சரி. திங்கட்கிழமையிலேர்ந்து டோக்கனே வேண்டாம், அவங்கவங்க போயிக்கலாம். போதுமா?” என்றவர் மதிவாணன் பக்கம் திரும்பினார். “ஆனா எனக்குப் பேர் வேணும்.”

“சொல்ல மாட்டேன் சார்.”

“அப்படின்னா அடுத்த வேலைக்கு நாங்க வேற ஆளைப் பாத்துக்கறோம்.”

“பாத்துக்குங்க.” மதிவாணன் எழுந்துவிட்டார்.

வெளியே ஷிப்ட் முடிந்து பெண்கள் வேனுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். மதிவாணன் அவர்களில் யாரையும் தேடவில்லை.

“ஒண்ணுதான் மேடம் வருத்தம். அவளைப் பத்திச் சொல்லியிருந்தா, அந்த ரூம்ல ஒருத்தரும் அவளை மறந்திருக்க மாட்டாங்க.”

“ஆமா,” என்றார் ஹெப்சிபா. “மேனேஜரும் மறந்திருக்க மாட்டார்.”